பென் டிரைவுக்கு வைத்த சந்தனம்

திருவொற்றியூரைத் தாண்டி எண்ணூர் போகும் சாலையில், கன்டெய்னர் லாரிகள் ஒன்றன் பின்னால் ஒன்றாக ஊர்ந்துகொண்டிருக்கும் இடத்தில், இடது கைப்பக்கம் என் வே பிரிட்ஜ் இருக்கிறது. லாரியை மேலே ஏற்றி நிறுத்தினால் எடை சொல்லும் இரும்பு மேடை. அந்த வட்டாரத்தில் எத்தனையோ பேர் வே பிரிட்ஜ் போட்டார்கள், மூடினார்கள். என்னுடையது நிற்கிறது. எப்படி நிற்கிறது என்று கேட்பவர்களுக்கு நான் ஒரே வார்த்தையில் பதில் சொல்வேன்: நான். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் என்னோடு இன்னும் இரண்டு பேரைச் சேர்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. இரண்டு பேரும் பெண்கள். ஒருத்தி என் மனைவி. இன்னொருத்தி என் மருமகள்.

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. அதிலும் பாதி நாள் ராயபுரம் மீன் ஏலத்தில்தான் நின்றிருப்பேன். பிறகு ஹார்பரில் மூட்டை தூக்கினேன். சும்மா தூக்கவில்லை. மூட்டை தோளில் உட்கார்ந்த மாத்திரத்தில் இது எடை குறைந்த மூட்டை என்று சொல்லிவிடுவேன். மேஸ்திரி நம்பாமல் தராசில் போட்டுப் பார்ப்பார். தராசு என் பக்கம்தான் பேசும். கொஞ்ச நாளில் தராசைத் தேடுவதை விட்டுவிட்டு என்னைத் தேட ஆரம்பித்தார்கள். அந்தத் தோளை வைத்துத்தான் ஒரு பழைய லாரி வாங்கினேன். அந்த லாரியை வைத்துத்தான் இந்த மேடையைப் போட்டேன். யாரும் எனக்குக் கை கொடுக்கவில்லை; கொடுத்திருந்தாலும் நான் பிடித்திருக்க மாட்டேன்.

என் மகன் கப்பலில் வேலை செய்கிறான். மழைக்காலத்தில் போனால் மாம்பழக் காலத்தில் வருவான். அவன் விரும்பிக் கட்டிக்கொண்ட பெண் காசிமேட்டுப் பக்கம். அவர்கள் வேதக்காரர்கள், அப்பா ரயில்வேயில் இருந்தவர். இரண்டு வீட்டிலும் முகம் தூக்கிக்கொண்டார்கள். நான்தான் நடுவில் நின்று, சர்ச்சிலும் ஒரு தாலி, கோயிலிலும் ஒரு மாலை என்று முடித்து வைத்தேன். நான் சொன்னால் எங்கள் தெருவில் மறுபேச்சு கிடையாது. ஆனால் என் வீட்டு அடுப்படியில் என் பேச்சு எடுபடாது என்பது அதற்கப்புறம்தான் தெரிந்தது. என் மனைவி மருமகளை ஒரு வார்த்தை திட்டவும் இல்லை, ஒரு வார்த்தை நேராகப் பேசவும் இல்லை. மூன்று பேரும் ஒன்றாகச் சாப்பிட உட்கார்ந்திருப்போம். என் மனைவி என்னைப் பார்த்துச் சொல்வாள்.

"யோவ், அந்தப் பொண்ணுக்கு இன்னும் கொஞ்சம் கொழம்பு வோணுமான்னு கேளு."

அந்தப் பெண் ஒரு முழ தூரத்தில் உட்கார்ந்திருக்கும். நான் திரும்பி, "கொழம்பு வோணுமாம்மா?" என்பேன்.

"போதும்னு அத்தைகிட்ட சொல்லுங்க மாமா" என்று அதுவும் சிரிக்காமல் சொல்லும்.

இப்படித் தபால்காரன் வேலை பார்த்து எனக்கே அலுத்துவிட்டது. வீட்டில் உட்கார்ந்திருக்க வேண்டாம், என்னோடு கேபினுக்கு வந்து உட்காரம்மா என்று ஒரு நாள் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். கேபின் என்றால் மேடையை ஒட்டி நான் கட்டிய ஓர் அறை. ஜன்னல் வழியாகப் பார்த்தால் லாரி தெரியும். மேஜை மேல் எடை காட்டும் இண்டிகேட்டர் பெட்டி. பக்கத்தில் ரிச்சி தெருவில் நான் பேரம் பேசி வாங்கிய பழைய கம்ப்யூட்டர். பெட்டியில் வரும் எடையைப் பார்த்து, கம்ப்யூட்டரில் கையால் தட்டி, சீட்டு எடுத்துக் கொடுப்போம். அந்தச் சாலையில் முதன் முதலில் கம்ப்யூட்டர் சீட்டு கொடுத்தவன் நான்தான். எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

வந்த நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ, மருமகள் அந்தப் பெட்டியின் பின்பக்கம் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தது.

"மாமா, இந்தப் பொட்டி பின்னாடி ஒரு ஓட்டை கீது, பாத்தீங்களா?"

"அது வாங்கும்போதே இருந்திச்சும்மா. காத்துக்கு வுட்ருப்பான்."

"காத்துக்கு இல்ல மாமா. இந்தப் பொட்டி அது வழியா பேசிக்கினே கீது. கேக்கறதுக்குத்தான் இங்க ஆளில்ல."

பிறகுதான் விளக்கியது. கல்யாணத்துக்கு முன்னால் அது ராயபுரத்தில் ஒரு கப்பல் ஏஜெண்ட் ஆபீசில் வேலை பார்த்திருக்கிறது. அங்கே எல்லா விவரமும் எங்கேயோ இருக்கும் ஒரு பெரிய மெஷினில் இருக்குமாம். அதோடு பேச டெர்மினல் என்று ஒரு புரோகிராம் வேண்டும். ஆனால் ஆபீஸ் கம்ப்யூட்டரில் எதையும் ஏற்றக் கூடாது என்று பூட்டு போட்டு வைத்திருந்தார்கள். இவர்களுக்கென்று நிலையான நாற்காலியும் கிடையாது. எது காலியோ அதில் உட்கார வேண்டும். அதனால் அந்தப் புரோகிராமை ஒரு பென் டிரைவில் போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிந்திருக்கிறது. எந்தக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தாலும் சொருகினால் போதும், வேலை நடக்கும். பிடுங்கினால் அந்தக் கம்ப்யூட்டரில் ஒன்றும் மிச்சம் இருக்காது. எந்த மெஷினோடு என்ன வேகத்தில் பேச வேண்டும் என்கிற கணக்கெல்லாம் கூட அந்தப் பென் டிரைவுக்குள்ளேயே இருக்கும்.

அந்தப் பென் டிரைவ் அப்போதும் அதன் கழுத்தில்தான் இருந்தது. ஒரு கறுப்புக் கயிறு. அதில் இந்தப் பென் டிரைவ், கூடவே வேளாங்கண்ணியில் வாங்கிய சின்ன மாதா டாலர்.

ஒரு வயர் வாங்கி வரச் சொன்னது. பெட்டிக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவே அதை மாட்டி, பென் டிரைவைச் சொருகி, ஏதோ தட்டியது. திரையில் ஒரு கறுப்புச் சதுரம் வந்தது. முதலில் குப்பை குப்பையாக எழுத்து ஓடியது. "வேகம் சரியில்ல" என்று மாற்றி மாற்றிப் பார்த்தது. திடீரென்று எழுத்தெல்லாம் எண்ணாக மாறி, சீராக, ஒன்றன் கீழ் ஒன்றாக இறங்க ஆரம்பித்தது. மேடை மேல் அப்போது ஒரு கரி லாரி நின்றுகொண்டிருந்தது. பெட்டியில் என்ன எடையோ அதே எடை திரையில். யாரும் தட்டவில்லை. அதுவே வந்தது.

எனக்கு ஒன்று புரிந்துபோயிற்று. நான் தோளில் வைத்துச் சொன்னேன், பெட்டி வயரில் சொல்கிறது. இரண்டும் ஒரே வேலைதான். நடுவில் ஆள் கை வைத்தால்தான் தப்பு வரும். இதைப் புரிந்துகொள்ளப் பட்டம் எல்லாம் வேண்டாம், ஒரு நாளாவது மூட்டை தூக்கியிருக்க வேண்டும்.

அந்த வருடம் தொழில் படுத்துக் கிடந்தது. எண்ணூர் சாலை நெரிசலுக்குப் பயந்து லாரிக்காரர்கள் மாதவரம் பக்கம் சுற்றிக்கொண்டு போக ஆரம்பித்திருந்தார்கள். காலையில் நாலு லாரி வந்தால் மத்தியானம் ஈ ஓட்ட வேண்டும். பழைய இரும்பு வாங்கும் ஆள் ஒருவன் வாரத்துக்கு ஒரு தடவை வந்து, மேடையைச் சுற்றி நடந்து, காலால் தட்டிப் பார்த்துவிட்டுப் போவான். "சும்மா பாக்கறேன் நைனா" என்பான். கறிக்கடைக்காரன் ஆட்டைத் தடவிப் பார்ப்பது போல இருக்கும்.

அந்த நேரத்தில்தான் மணலிப் பக்கம் ஒரு கம்பெனியிலிருந்து ஆள் விட்டுக் கேட்டார்கள். அவர்கள் லாரி தினமும் ஹார்பருக்குப் போகிறது. வழியில் எடை போட ஓர் இடம் வேண்டும். ஒரே ஒரு நிபந்தனை. சீட்டில் வரும் எடை மெஷினிலிருந்து நேராக வர வேண்டும், கையால் தட்டியது ஆகாது. இதற்கு முன்னால் வேறு எங்கோ கையால் தட்டிய சீட்டில் ஏமாந்திருக்கிறார்கள்.

"நம்மகிட்ட அதான் கீது" என்று சொல்லியனுப்பினேன். "அந்த ரோட்ல வேற எவன்கிட்டயும் இல்லன்னு சொல்லு."

கம்பெனி ஆபீசர் நேரில் வந்து பார்ப்பதாகச் சொன்னார். என்றைக்கு என்று கேட்டார்கள். விஜயதசமி அன்றைக்கே வரச் சொல்லிவிட்டேன். புதிதாக ஒன்று தொடங்க அதைவிட நல்ல நாள் உண்டா? இவர்கள் வந்தால் மேடை பிழைக்கும். வராவிட்டால் இரும்புக்காரன்தான். என் மனைவிக்கும் அது தெரியும், மருமகளுக்கும் தெரியும்.

விஜயதசமிக்கு முந்தின நாள் ஆயுத பூஜை. எங்கள் பக்கம் தீபாவளியைவிட அதுதான் பெரிசு. லாரி, கிரேன், கட்டிங் மிஷின், ஸ்பேனர், எதையும் விட மாட்டோம். கழுவி, பொட்டு வைத்து, மாலை போட்டு, பொரி வைத்துப் படைப்போம். அன்றைக்கு அவை ஓய்வெடுக்கும், மனிதன் தொட மாட்டான். என் மேடைக்கு நான் வாங்கும் பூசணிக்காயைப் பார்க்கவே ஆள் வரும்.

தொழில் படுத்த வருடம் என்பதால் என் மனைவி அந்தத் தடவை இன்னும் பக்தியாகச் செய்தாள். சந்தனத்தைத் தன் கையாலேயே அரைத்துக்கொண்டு வந்திருந்தாள். மேடையின் நாலு மூலைக்கும் பொட்டு. எடைப் பெட்டிக்கு மூன்று விரல் பட்டை. கம்ப்யூட்டருக்கு, கீபோர்டுக்கு, பிரிண்டருக்கு, ஃபேனுக்கு, நான் உட்காரும் நாற்காலிக்கு. பிறகு மாவிலையில் மஞ்சள் தண்ணீரைத் தொட்டு எல்லாவற்றின் மேலும் தெளித்தாள். நான் பின்னால் நின்றுகொண்டு, "அந்தாண்ட மூலைக்கும் தெளிமே" என்று மேற்பார்வை பார்த்தேன்.

மருமகள் வாசலில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது. என் மனைவி சந்தனக் கிண்ணத்தோடு திரும்பினாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து முதல் தடவையாக அதன் முகத்தைப் பார்த்து நேராகப் பேசினாள்.

"தே பொண்ணு. கழுத்துல மாட்டிக்கினு கீறியே, அத்த இப்டி குடு."

மருமகள் கழற்றிக் கொடுத்தது. என் மனைவி அந்தப் பென் டிரைவின் மூடியை எடுத்துவிட்டு, மோதிர விரலால் சந்தனத்தை எடுத்து நன்றாக அழுத்தி வைத்தாள். எந்தப் பக்கம் முகம், எந்தப் பக்கம் முதுகு என்று அவளுக்குத் தெரியவில்லை போலும். இரண்டு பக்கமும் வைத்தாள். அதன் மேல் குங்குமம். பிறகு ஒரு நொடி யோசித்தாள். மாதா டாலருக்கும் ஒரு சின்னப் பொட்டு வைத்தாள்.

"அதுவும்தானே கூட வேலை செய்யுது" என்றாள், யாரையும் பார்க்காமல்.

மருமகள் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்த்தேன். சாம்பிராணிப் புகை என்று சொல்லிக்கொண்டது. சாம்பிராணி அப்போது இன்னும் ஏற்றவே இல்லை.

மறுநாள் காலையில் மூன்று பேரும் சீக்கிரமே வந்துவிட்டோம். கற்பூரம் காட்டி, கம்ப்யூட்டரின் சுவிட்சை நானே என் கையால் போட்டேன். டப் என்று ஒரு சத்தம். பிறகு ஒரு நாற்றம், வயர் கருகும் நாற்றம். பிறகு ஒன்றுமே இல்லை.

மருமகள் பின்பக்கம் திருப்பிப் பார்த்தது. காற்று போகும் ஓட்டையைச் சுற்றி மஞ்சள் திட்டுத் திட்டாகக் காய்ந்திருந்தது.

"மஞ்சத் தண்ணி உள்ள பூந்துட்ச்சு மாமா."

என் மனைவி சுவரோடு சாய்ந்துவிட்டாள். "அய்யோ, நான்தானே ஊத்தினேன். நான்தானே."

"நீ எங்க ஊத்தின? நான்தான் தெளி தெளின்னேன்" என்றேன். "ஒண்ணும் ஆவல. கம்ப்யூட்டர் போனா இன்னொரு கம்ப்யூட்டர்."

வாயால் சொல்லிவிட்டேன். ஆபீசர் வரும் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. நல்ல நாளில் எந்தக் கடை திறந்திருக்கும்? அப்போது மருமகள் சொன்ன வார்த்தை இன்னும் என் காதில் இருக்கிறது.

"மாமா, புரோகிராம் இந்தக் கம்ப்யூட்டர்ல இல்லவே இல்ல. எங்கிட்ட கீது. உங்களுக்கு எந்தக் கம்ப்யூட்டர் கெடைக்குதோ அத்த எடுத்தாங்க. பின்னாடி ஒம்போது ஊசி போற ஓட்டை இருந்தா போதும்."

பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை. அதன் சொந்தக்காரர் எனக்குப் பல வருடப் பழக்கம். ஓடினேன். அவர் கடையைப் பாதி ஷட்டர் தூக்கி வைத்துவிட்டு, பொரியைச் சாப்பிட்டுக்கொண்டு குந்தியிருந்தார்.

"மாமு, உன் கம்ப்யூட்டர் ஒரு மணி நேரம் வோணும்."

"இன்னா, காலங்காத்தால. ஒன்னுது இன்னா ஆச்சு?"

சொன்னேன். அவர் பொரி புரையேறிச் சிரித்தார்.

"கம்ப்யூட்டர குளிப்பாட்டினியா? எண்ணெய் தேச்சியா? சீயக்கா போட்டியா?"

"மாமு, நேரம் இல்ல."

"நேரம் இல்லன்னு நீ சொல்ற. எனக்கு நேரம் ஆவல. பூஜைல வெச்ச சாமான். சாயந்திரம் எங்கூட்டுக்காரி வந்து கற்பூரம் காட்டினாதான் தொடணும். அப்பறம் இன்னொண்ணு, அதுல எதுவும் ஏத்த முடியாது. என் மச்சான் புள்ள லாக் போட்டுட்டுப் போயிருக்கான். பாஸ்வேர்டு அவன்கிட்ட கீது, அவன் பெங்களூர்ல கீறான்."

இரண்டாவது விஷயத்துக்கு என்னிடம் பதில் இருந்தது. "ஏத்தவே வோணாம். சொருகினா போதும். நாங்க போன அப்பறம் நாங்க வந்த தடமே இருக்காது." மருமகள் சொன்னதை அப்படியே, நானே கண்டுபிடித்தது மாதிரி சொன்னேன். முதல் விஷயத்துக்கு என் சட்டைப் பையில் கற்பூரம் இருந்தது. "உங்கூட்டம்மா எனக்குத் தங்கச்சி. அவங்களுக்குப் பதிலா நான் காட்டறேன்."

அவர் என்னையும் கற்பூரத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "சரி, காட்டு. மஞ்சத் தண்ணி மட்டும் வோணாம், சொல்ட்டேன்."

நான் அந்த மானிட்டரைத் தலையில் வைத்துக்கொண்டேன். பழைய மானிட்டர், அடுப்புக்கல் மாதிரி கனம். மூட்டை தூக்கிய தலைக்கு அது பூ. அவர் சி.பி.யு. பெட்டியையும் பிரிண்டரையும் எடுத்துக்கொண்டு பின்னால் வந்தார். மாட்டினோம். கம்ப்யூட்டர் உயிரோடு எழுந்தது. மருமகள் வயரைப் பூட்டி, கழுத்துக் கயிற்றிலிருந்து பென் டிரைவை எடுத்துச் சொருகியது.

ஒன்றும் வரவில்லை.

பிடுங்கி மறுபடி சொருகியது. ஒன்றும் வரவில்லை. பென் டிரைவைத் தூக்கி வெளிச்சத்தில் அதன் வாயைப் பார்த்தது. நானும் எட்டிப் பார்த்தேன். தகரத்துக்குள்ளே, தங்கப் பல் மாதிரி நாலு தகடு இருக்க வேண்டிய இடத்தில், சந்தனம். கெட்டியாக, காய்ந்து, கல்லாகி.

அதே சமயம் வெளியே ஜீப் சத்தம் கேட்டது. அதன் பின்னால் கம்பெனி லாரி.

என் மனைவி பென் டிரைவைப் பார்த்தாள், மருமகளைப் பார்த்தாள். திட்டு விழும் என்று காத்திருப்பது போல நின்றாள். மருமகள் திட்டவில்லை.

"அத்தே, உங்க தாலில ஊக்கு கீதா?"

என் மனைவி தாலிச் சரட்டில் கொத்தாக ஊக்கு மாட்டியிருப்பாள். எங்கள் பக்கத்துப் பெண்கள் எல்லோரும் அப்படித்தான். அவசரத்துக்குப் புடவைக்கு, பிளவுசுக்கு, முள் எடுக்க. ஒரு ஊக்கைக் கழற்றினாள்.

"தண்ணி படக் கூடாது. பொறுமையா, ஓரத்திலேர்ந்து பேத்தெடுக்கணும். நீங்க செய்யுங்க. உங்க கை நிதானம்."

"நானா? நான்தான் கெடுத்தேன், நானே கை வெக்கறதா?"

"நீங்க வெச்சது. எப்டி வெச்சீங்கன்னு உங்களுக்குத்தானே தெரியும்."

நான் வெளியே போனேன். அந்த நேரத்தில் என்னால் முடிந்தது ஒன்றுதான், அதில் எனக்கு இணை யாரும் கிடையாது: பேசுவது.

ஆபீசர் நடுவயதுக்காரர், கண்ணாடி போட்டவர், கையில் குடை. அவரைக் கேபின் பக்கம் விடாமல் நேராக மேடைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். லாரி மேலே ஏறி நின்றது. நானும் லாரிக்குப் பக்கத்தில் மேடையிலேயே நின்றுகொண்டு, அந்த இரும்பு எந்த ஊரிலிருந்து வந்தது, அடியில் எவ்வளவு ஆழம் தோண்டினேன், கடல் தண்ணீர் ஊறி வந்ததை எப்படி அடக்கினேன் என்று ஆரம்பித்தேன். அங்கிருந்து ஹார்பருக்குப் போனேன். மேஸ்திரி, தராசு, என் தோள். அவருக்கு டீ வந்தது. டீ முடிந்தது. இன்னொரு டீ சொன்னேன்.

"சரிங்க, அந்தக் கம்ப்யூட்டரப் பாத்துடலாமா?" என்றார்.

"பாக்கலாம் சார். அதுக்கு முன்னாடி இந்த மூலையப் பாருங்க."

ஓரக்கண்ணால் ஜன்னலைப் பார்த்தேன். இரண்டு தலைகள் ஒட்டிக் குனிந்திருந்தன. மருமகள் டார்ச் பிடித்திருந்தது. என் மனைவி மூக்குக் கண்ணாடியை நுனிக்குத் தள்ளிக்கொண்டு, இறால் உரிப்பவள் போல, கொஞ்சம் கொஞ்சமாக நோண்டிக்கொண்டிருந்தாள். நோண்டியதை மருமகள் வாயால் ஊதியது. பழைய டூத் பிரஷ் ஒன்றை ஜெராக்ஸ்காரர் எங்கிருந்தோ கொண்டு வந்து கொடுத்தார். அவர் மெஷின் துடைப்பதாம். என் மேஜை டிராயரில் நான் முகம் வழித்தபின் போடும், தொட்டதும் காய்ந்துவிடும் லோஷன் இருந்தது. அதை ஒரு சொட்டு பிரஷில் விட்டுத் தேய்த்தார்கள். பிறகு அந்தத் தலைகள் திரைப் பக்கம் திரும்பின.

மருமகள் ஜன்னலுக்கு வந்து கையைத் தூக்கியது.

"வாங்க சார்" என்றேன், ஏதோ நான்தான் அவருக்காக இவ்வளவு நேரம் காத்திருந்தது போல. ஆனால் நான் நகரவில்லை. அவர் உள்ளே போனார். நான் மேடையிலேயே லாரியில் சாய்ந்துகொண்டு, ஜன்னல் வழியே பார்த்தேன். எந்தத் தீர்ப்பு வந்தாலும் என் மேடை மேல் நின்றே கேட்டுக்கொள்ளலாம் என்றிருந்தேன்.

கறுப்புச் சதுரத்தில் எண்கள் இறங்கிக்கொண்டிருந்தன. ஆபீசர் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார். அந்த லாரியைக் காலையில் தங்கள் கம்பெனியிலேயே எடை போட்டு எழுதிக்கொண்டு வந்திருக்கிறார். எங்களிடம் சொல்லவில்லை. காகிதத்தைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், முகம் சுருங்கியது.

"கூட வருதேம்மா. ஒரு ஆள் வெயிட் கூட வருது."

என் மனைவி கையில் ஊக்கு அப்படியே இருந்தது. எனக்கு இரும்புக்காரன் முகம் ஞாபகம் வந்தது. மருமகள் திரையைப் பார்த்தது, ஜன்னலைப் பார்த்தது. பிறகு எட்டிக் கத்தியது.

"மாமா! நீங்க கீழ எறங்குங்க!"

நான் மேடையிலிருந்து இறங்கினேன். உள்ளே எண்கள் விழுந்தன. இறங்கி நின்ற எண், அவர் காகிதத்தில் இருந்த எண்.

ஆபீசர் சிரித்தார். அப்படிச் சிரிப்பார் என்று நான் நினைக்கவில்லை. வெளியே வந்து குடையை என் கையில் கொடுத்துவிட்டு மேடையில் ஏறினார். "இப்ப பாரும்மா!" என்றார். "ஏறிச்சு சார்" என்று குரல் வந்தது. இறங்கினார். "எறங்கிச்சு சார்." மறுபடி ஏறினார். சின்னப் பிள்ளை மாதிரி. ஜெராக்ஸ்காரரும் ஏறிப் பார்த்தார்.

"கையால தட்டினா இது நடக்காது" என்றார் ஆபீசர். "நான் இதத்தான் பாக்கணும்னு வந்தேன்." என் பக்கம் திரும்பினார். "ஆனா நீங்க கொஞ்சம் கனமான ஆளுதான்."

"சார், நான் சின்ன வயசுலயே கனமான ஆளு" என்றேன்.

சீட்டு பிரிண்டரில் கிறுக் கிறுக் என்று வந்தது. அதை அவர் மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். அடுத்த வாரத்திலிருந்து லாரிகளை அனுப்புவதாகச் சொல்லிவிட்டுப் போனார். ஜெராக்ஸ்காரர் தன் கம்ப்யூட்டரை அணைப்பதற்கு முன்னால் அதை மேலும் கீழும் பார்த்தார்.

"நெசமாவே ஒண்ணும் ஏறலியாம்மா?"

மருமகள் பென் டிரைவைப் பிடுங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டது. "பாருங்கண்ணே, ஒரு எழுத்து இருந்தா சொல்லுங்க."

அன்றைக்கு மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தோம். மீன் குழம்பு. என் மனைவி கரண்டியோடு நின்றாள். நான் வழக்கம் போல மருமகள் பக்கம் திரும்பி, "கொழம்பு வோணுமா" என்று கேட்க வாயைத் திறந்தேன்.

"நீ சும்மா சாப்புடு" என்றாள் என் மனைவி. "தே, தட்ட இப்டி நீட்டு. காலைலேர்ந்து டீ கூட குடிக்கல நீ."

அதோடு என் தபால்காரன் வேலை போயிற்று. வருத்தமில்லை.

அடுத்த வாரத்துக்குள் ரிச்சி தெருவில் இன்னொரு கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டேன். கம்பெனி லாரிகள் சொன்னபடியே வந்தன. முதல் நாளே மேடையிலிருந்து சாலை வரை வரிசை. அதைப் பார்த்து, மாதவரம் பக்கம் திரும்பிய பழைய லாரிக்காரர்களும் ஒவ்வொருவராக எட்டிப் பார்க்க ஆரம்பித்தார்கள். இரும்பு வாங்கும் ஆளும் ஒரு நாள் வந்தான். இந்தத் தடவை மேடையைத் தட்டவில்லை; தன் வண்டியை எடை போட வந்திருந்தான். "நைனா, ஷோக்கா கீது" என்றான். வரிசையில் நிற்கச் சொன்னேன்.

சில மாதம் கழித்து ஒரு சாயந்திரம், லாரி குறைந்த நேரத்தில், மருமகள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, புதிதாக ஒரு பென் டிரைவைச் சொருகிப் புரோகிராமை அதில் ஏற்றிக்கொண்டிருந்தது. பக்கத்தில் என் மனைவி உட்கார்ந்து, திரையில் எண் ஓடுவதைப் பார்த்து, லாரி இறங்கிவிட்டதா இல்லையா என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அவளுக்கு அது பழகிவிட்டது.

"ஒண்ணுதான் நல்லாத்தானே கீது. ரெண்டாவது எதுக்கும்மா?" என்று கேட்டேன்.

"மீஞ்சூருக்கு மாமா."

"மீஞ்சூர்ல நமக்கு இன்னா கீது?"

"ஒண்ணும் இல்ல" என்றது மருமகள். "நீங்க மேடையப் போடுங்க. புரோகிராம் ரெடியா கீது."

நான் என் மனைவியைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"ஸ்டேஷனுக்கு இந்தாண்ட ஒரு எடம் கீதாம். ஞாயித்துக்கெழம நாங்க ரெண்டு பேரும் போய்ப் பாத்துட்டு வந்துட்டோம். நீ வந்து எவ்ளோ ஆழம் தோண்டணும்னு சொன்னா போதும்."

மறுநாள் காலையில் மூன்று பேரும் மீஞ்சூர் ரயிலில் ஏறினோம். கூட்டத்தில் எனக்கு மட்டும் உட்கார இடம் கிடைத்தது. எதிரே உட்கார்ந்திருந்தவர் எங்கே போகிறீர்கள் என்று கேட்டார். இரண்டாவது வே பிரிட்ஜ் போட என்றேன். ஸ்டேஷன் வரும் வரை அவரை விடவில்லை.